புழு தின்ற இலையின் பெயர்

கோஸ்டா ரிக்காவின் வடமேற்கில், பசிபிக் கடலோரத்திலிருந்து எரிமலைத் தொடரைத் தாண்டி மறுபுறத்து மழைக்காடு வரை, குவானாகாஸ்டே பாதுகாப்புப் பகுதி விரிந்து கிடக்கிறது. அங்குள்ள ஆய்வு நிலையங்களில் கயிறு கட்டிப் பிளாஸ்டிக் பைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒவ்வொரு பையிலும் கொஞ்சம் இலை, ஒரு புழு, ஓர் எண். எண்ணில் முதலில் ஆண்டு வரும். அடுத்து, திட்டம் தொடங்கிய சாந்தா ரோசா தேசியப் பூங்காவைக் குறிக்கும் நான்கு எழுத்துகள். பிறகு வரிசை எண். பைகளைத் திறந்து வாடிய இலையை மாற்றுவதும், எச்சத்தை அகற்றுவதும், புழு கூட்டுப்புழுவான நாளைக் குறிப்பதும் அன்றாட வேலை. கடைசியில் பையிலிருந்து வெளிவருவது பட்டாம்பூச்சியாகவோ அந்துப்பூச்சியாகவோ இருக்கலாம். புழுவை உள்ளிருந்தே தின்று தீர்த்த குளவிகளாகவும் ஈக்களாகவும் இருக்கலாம். எதுவாயினும் எழுதி வைக்கப்படும்.

இந்த வேலையைச் செய்பவர்களை அங்கே 'குசானேரோ' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் 'குசானோ' என்றால் புழு. ஆகவே இவர்கள் புழுக்காரர்கள். பெரும்பாலும் சுற்றுப்புறத்து ஊர்களில் பிறந்தவர்கள். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர்கள். 1980களின் இறுதியிலிருந்து முறையான பயிற்சி பெற்று, துணை வகைப்பாட்டாளர்கள் என்ற பொறுப்பில் வேலை செய்கிறார்கள். வெப்பமண்டலப் பூச்சிகளின் பன்மையை டி.என்.ஏ. பட்டைக்குறியீட்டால் அளந்த ஆய்வுகளுள் மிகவும் பேசப்பட்டவை இந்தப் பைகளிலிருந்தே பிறந்தன. ஆனால் அந்த ஆய்வுகளைப் பற்றிய பேச்சில் ஆய்வகம் முன்னே நிற்கிறது; பை பின்னே போய்விடுகிறது. இந்த வரிசை சரிதானா என்பதே இங்கு எழும் கேள்வி.

திட்டத்தின் தொடக்கமே ஒரு விபத்து. 1978இல் அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சென் அந்தக் காட்டில் ஒரு பள்ளத்தில் விழுந்து மூன்று விலா எலும்புகளை முறித்துக்கொண்டார். நடமாட முடியாமல் ஆய்வுக் குடிலின் முன்னே நாற்காலியில் சாய்ந்திருந்த நாள்களில், 25 வாட் விளக்கொன்றின் ஒளிக்கு இரவெல்லாம் வந்து மொய்த்த அந்துப்பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பூச்சிகளும் எந்தப் புழுவிலிருந்து வந்தன, அந்தப் புழுக்கள் எந்த இலையைத் தின்றன என்ற கேள்வி அங்கிருந்து வளர்ந்தது. அவரும் வின்னி ஹால்வாக்ஸும் அந்தக் கேள்வியோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார்கள்.

கேள்வி எளியது. விடையைத் தடுத்தது வேறொரு கேள்வி: இந்தப் பூச்சியும் அந்தப் பூச்சியும் ஒன்றா, வேறா?

மொழியியல் மாணவருக்கு இது பழகிய கேள்வி. 'விலை', 'விளை', 'விழை' என்ற மூன்று சொற்களையும் தமிழறியாத ஒருவர் முன் உச்சரித்தால், அவர் காதில் பெரும்பாலும் ஒரே சொல் மூன்று முறை விழும். வேறுபாடு ஒலியில் இருக்கிறது. கேட்பவர் காதில் இல்லை. அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதா என்பதை ஒலியை மட்டும் அளந்து சொல்லிவிட முடியாது. சொல் மாறும்போது பொருள் மாறுகிறதா என்று பேசுவோரிடம் கேட்டுத்தான் ல, ள, ழ மூன்றும் தனித்தனி ஒலியன்கள் என்று நிறுவ வேண்டும். பூச்சியிடம் கேட்க வழியில்லை. அது எந்த இலையைத் தின்கிறது என்று பார்ப்பதே அதனிடம் கேட்பதற்கு மிக நெருங்கிய வழி.

அஸ்ட்ராப்டெஸ் ஃபுல்ஜெரேட்டர் என்பது அமெரிக்க வெப்பமண்டலத்தில் பரவலாகக் காணப்படும் பட்டாம்பூச்சி. கரிய இறகு, அடிப்பகுதியில் பளிச்சிடும் நீலம், குறுக்கே வெள்ளைப் பட்டை. பெயரின் முதற்பகுதி கிரேக்கத்திலிருந்தும் பிற்பகுதி லத்தீனிலிருந்தும் வந்தவை. இரண்டுக்கும் வேர்ப்பொருள் மின்னல். 1775இல் அறிவியலுக்கு அறிமுகமாகி, இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரே சிற்றினம் என்று அருங்காட்சியக இழுப்பறைகளில் அடுக்கி வைக்கப்பட்டது.

குவானாகாஸ்டேயில் சுமார் 25 ஆண்டுகளில் இந்தப் பெயருக்குரிய புழுக்கள் 2,500க்கும் மேல் வளர்க்கப்பட்டன. வளர்த்தவர்களுக்கு ஐயம் முன்பே எழுந்தது. ஒரு செடியில் கிடைத்த புழுவுக்கு ஒரு நிறக்கோலம்; இன்னொரு செடியில் கிடைத்ததற்கு வேறொன்று. ஒன்று தின்னும் இலை மற்றொன்றுக்கு உணவாகவில்லை. ஆனால் எல்லாம் இறகு முளைத்து வெளிவந்தபோது ஏறக்குறைய ஒரே பட்டாம்பூச்சி. பட்டாம்பூச்சிச் சிற்றினங்களைப் பிரித்தறிய வல்லுநர்கள் கடைசியாக நம்புவது இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை. அதிலும் வேறுபாடு இல்லை.

இந்த இடத்தில்தான் பட்டைக்குறியீடு வந்து சேர்ந்தது. 2003இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவருடைய குழுவினரும் ஒரு முன்மொழிவை வெளியிட்டார்கள். கடையில் விற்கும் பொருளைச் சில கோடுகளால் இனங்காண்பதுபோல, விலங்கு எதுவாயினும் அதன் மரபணுத் தொகுதியில் குறிப்பிட்ட ஒரு சிறு துண்டை மட்டும் படித்துச் சிற்றினத்தை இனங்காணலாம் என்பது அதன் சாரம். துண்டு, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் 1 என்ற மரபணுவின் முற்பகுதி. பூச்சிகளில் அதன் நீளம் வழக்கமாக 658 எழுத்துகள். காய்ந்த மாதிரியின் ஒரு காலே போதும். உடல் ஊசியில் அப்படியே இருக்கும்.

இந்த மரபணு தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. உயிரணு மூச்சுவிடத் தேவையான புரதத்தை உருவாக்குவது இது. ஆகவே புரதம் அதிகம் மாற இயலாது. ஆனால் மரபுக்குறியீடு மூன்று எழுத்துகள் கொண்ட சொற்களால் ஆனது. பல சொற்களில் மூன்றாம் எழுத்து மாறினாலும் பொருள் மாறுவதில்லை. அதே அமினோ அமிலமே வந்து சேரும். எழுத்துக்கூட்டல் வேறு, சொல் ஒன்று. பொருளைக் கெடுக்காத இந்த மாற்றங்களை இயற்கைத் தேர்வு அவ்வளவாகத் தடுப்பதில்லை. இரண்டு இனங்கள் பிரிந்து வாழத் தொடங்கினால் அவை ஆண்டாண்டாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. பட்டைக்குறியீடு படிப்பது பெரும்பாலும் இந்த எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளைத்தான்.

அஸ்ட்ராப்டெஸ் மாதிரிகள் நானூற்றுக்கும் மேற்பட்டவற்றின் கால்கள் குவெல்ஃபுக்குப் போயின. 2004இல் வெளிவந்த கட்டுரை, ஒன்று என்று எண்ணியது அந்த ஒரு வட்டாரத்திலேயே குறைந்தது பத்து என்றது. தலைப்பே 'ஒன்றில் பத்துச் சிற்றினங்கள்' என்ற பொருளில் அமைந்தது. செய்தி உலகெங்கும் போனது. போன செய்தியில் பெரும்பாலும் விடுபட்டது ஒன்று: எழுத்து வரிசைகளைத் தொகுத்தபோது கிடைத்த குழுக்கள் பெரும்பாலும், பைகளின் மேல் எழுதப்பட்டிருந்த செடியின் பெயரோடும் புழுவின் நிறத்தோடும் பொருந்தின. பொருந்தியதால்தான் அவை சிற்றினங்கள் என்று துணிந்து சொல்ல முடிந்தது. குழுக்களுக்கு வைத்த தற்காலிகப் பெயர்களே அதற்குச் சான்று. டிரைகோனியா செடியைத் தின்பது 'டிரைகோ'. செல்டிஸ் மரத்து இலையைத் தின்பது 'செல்ட்'. இங்கா, குபானியா இரண்டையும் தின்பது 'இங்கப்'. இவை லத்தீன் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்ட பெயர்கள் அல்ல. பையின் மேல் இருந்த குறிப்பின் சுருக்கங்கள்.

அடுத்து வந்த ஆய்வுகள் இதே வழியில் இன்னும் ஆழமாகப் போயின. புழுவுக்குள் வளரும் டக்கினிட் ஈக்களில், பலவகைப் புழுக்களையும் தாக்குவதாகத் தோன்றிய 16 ஈயினங்களை எடுத்துக்கொண்டு, 2,134 ஈக்களுக்குப் பட்டைக்குறியீடு எடுத்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி அந்த 16இல் 73 மரபுவழிகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வகைப் புழுக்களையே நம்பி வாழ்பவை. ஒன்பது மட்டும் உண்மையிலேயே எதையும் தாக்குபவையாக எஞ்சின. 2008இல் ஒட்டுண்ணிக் குளவிகளின் முறை. ஆறு பேரினங்களைச் சேர்ந்த 2,597 குளவிகள். உடலமைப்பைக் கொண்டு பிரித்தபோது 171 சிற்றினங்கள். பட்டைக்குறியீடு மேலும் 142ஐச் சேர்த்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை ஒரே ஒரு புழுவினத்தையோ மிகச் சிலவற்றையோ மட்டும் நாடுபவை.

இது எண்ணிக்கை கூடிய செய்தி மட்டுமன்று. எதையும் தின்னும் ஈ ஒன்று என்றால், ஒரு மரம் காட்டிலிருந்து மறைந்தாலும் அந்த ஈ பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் ஒரே புழுவை நம்பும் ஐந்து ஈக்கள் என்றால், மரம் போனால் புழு போகும். புழுவோடு அதன் ஈயும் போகும். யார் யாரை நம்பி வாழ்கிறார்கள் என்ற கணக்கே மாறிவிடுகிறது. அந்தக் கணக்கைப் பட்டைக்குறியீடு மட்டும் தரவில்லை. எந்த ஈ எந்தப் பையிலிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லையென்றால், 73 என்பது வெறும் எண்.

பட்டைக்குறியீட்டின் எல்லையை அறிய மொழியியலுக்குள்ளேயே நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மாரிஸ் சுவாதேஷ் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அடிப்படைச் சொற்களின் பட்டியல் ஒன்றை வகுத்தார். நீர், கல், கண், நாய் போன்ற சொற்கள். முதலில் இருநூறு அளவில், பிறகு நூறாகச் சுருங்கியது. எந்த மொழியிலும் அதே சொற்களைக் கேட்டு வாங்கி, எத்தனை விழுக்காடு ஒரே வேரிலிருந்து வந்தவை என்று கணக்கிட்டால் உறவு புலப்படும் என்றார். எங்கும் ஒரே துண்டு, ஒரே அளவுகோல், விரைவான ஒப்பீடு என்று பார்த்தால் பட்டைக்குறியீட்டின் தர்க்கமும் இதுவே. இரண்டுக்கும் எழுந்த மறுப்புகளும் ஒத்தவை. எந்த விழுக்காட்டில் கிளைமொழி முடிந்து மொழி தொடங்குகிறது? கடன் வாங்கிய சொல்லை எப்படிப் பிரிப்பது? எல்லாச் சொற்களும் ஒரே வேகத்தில் மாறுகின்றனவா?

பூச்சிகளிலும் கடன் உண்டு. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டும் இறங்குவது. இரு சிற்றினங்கள் எப்போதோ கலந்திருந்தால் ஒன்றின் மைட்டோகாண்ட்ரியா மற்றொன்றுக்குள் குடியேறிவிடலாம். உயிரணுவுக்குள் வாழும் வோல்பாகியா என்ற நுண்ணுயிரி, தன்னோடு சேர்த்து ஒரு மைட்டோகாண்ட்ரிய மரபை இனம் முழுவதும் பரப்பிவிடக்கூடும். அந்த மரபணுவின் பழைய படி ஒன்று உட்கருவுக்குள் நுழைந்து செயலற்றுக் கிடந்தால், ஆய்வகம் உண்மையானதை விட்டுவிட்டு அதைப் படித்துவிடலாம். அண்மையில்தான் பிரிந்த சிற்றினங்களுக்குக் குறியீடு இன்னும் வேறுபட்டிருக்காது. அஸ்ட்ராப்டெஸ் தரவுகளையே 2006இல் மறு ஆய்வு செய்த ஆண்ட்ரூ பிரோவர், மூன்றுக்குக் குறையாமலும் ஏழுக்கு மிகாமலும்தான் குழுக்களை அந்தச் சான்றுகள் தாங்கும் என்று வாதிட்டார். பிறகு 2010இல் அவரே, நடைமுறையைக் கண்டித்துக்கொண்டே, பத்துக்கும் முறையான பெயர்களைச் சூட்டினார். சான்று போதாது என்று கருதியவரே பெயரிட்டது முரணாகத் தோன்றலாம். ஆனால் பெயரில்லாத ஒன்றைப் பற்றி வாதிடுவதும் கடினம் என்பது அந்தச் செயலில் தெரிகிறது.

பெயரிடும் சிக்கல் 2021இல் உச்சத்துக்கு வந்தது. மைக்கேல் ஷார்க்கியும் உடன் ஆய்வாளர்களும் கோஸ்டா ரிக்காவின் பிரக்கோனிடு குளவிகளில் 403 புதிய சிற்றினங்களை ஒரே நூலளவுக் கட்டுரையில் வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றுக்கு அடையாளம் என்று தரப்பட்டவை ஒரு படமும் எழுத்து வரிசையும் மட்டுமே. வகைப்பாட்டு உலகம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு தரப்பு சொன்னது: பழைய முறையில் ஒவ்வொரு சிற்றினத்துக்கும் பக்கம் பக்கமாக உடல் வருணனை எழுதிக்கொண்டிருந்தால் பல நூற்றாண்டுகள் ஆகும், அதற்குள் காடே இருக்காது. மறுதரப்பு சொன்னது: கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி மட்டும் உள்ள ஒருவர் அந்த நூலைக் கொண்டு எந்தக் குளவியையும் இனங்காண முடியாது, வரிசைப்படுத்தும் கருவி இருப்பவருக்கே பெயர் பயன்படும், அது மட்டுமன்றி, கணினி பிரித்த குழு ஒவ்வொன்றும் சிற்றினம்தான் என்பதற்கு உறுதி என்ன?

இரண்டு தரப்பும் உண்மை பேசுகின்றன. மறுதரப்பின் கவலை மொழி ஆவணப்படுத்தும் துறையில் இருப்பவருக்கு உடனே புரியும். பேசுவோர் அருகிவரும் மொழி ஒன்றில் ஒரு நாள் தங்கி நூறு சொல் கேட்டு வந்துவிட்டால், வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கலாம். அந்த மொழியில் தாய் குழந்தையை எப்படிக் கடிந்துகொள்வாள் என்று ஒருபோதும் தெரியாது. இந்தியாவில் ஜார்ஜ் கிரியர்சன் நடத்திய மொழியளவை இதை அன்றே உணர்ந்திருந்தது. அவர் ஒவ்வொரு மொழியிலிருந்தும் மூன்றைக் கேட்டார்: சொற்களும் தொடர்களும் கொண்ட ஒரு பொதுப்பட்டியல், எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒரே கதை, அதாவது ஊதாரி மைந்தன் உவமை, அந்த மொழியில், பிறகு அந்த மக்கள் தாமே சொல்லும் ஏதேனும் ஒரு கதை அல்லது பேச்சு. ஒப்பிட முதலிரண்டும் வேண்டும். மூன்றாவது இல்லையென்றால் ஒப்பீட்டில் அந்த மொழி தன் வாயைத் திறக்கவே இல்லை.

பட்டைக்குறியீடு முதல் வகை. எங்கும் ஒரே கேள்வி, ஒப்பிடத் தக்க விடை. பையின் மேல் உள்ள குறிப்பு மூன்றாம் வகை. எந்த மாதத்தில், எந்த உயரத்தில், எந்தச் செடியின் முற்றிய இலையிலோ தளிரிலோ அந்தப் புழு இருந்தது, அதிலிருந்து என்ன வெளிவந்தது என்பது பூச்சி தானே சொன்ன கதை. ஷார்க்கி குழுவினர் விவரித்த 403இல் 219 சிற்றினங்களுக்குக் குளவி எந்தப் புழுவிலிருந்து வந்தது என்ற பதிவு இருந்தது. அந்தப் பதிவுகளை உருவாக்கியவர்கள் ஆய்வகத்தில் இல்லை. இது முற்றிலும் மறக்கப்படவும் இல்லை. 2014இல் குவானாகாஸ்டேயின் அபன்டலெஸ் குளவிகளில் 186 புதிய சிற்றினங்கள் விவரிக்கப்பட்டபோது, பலவற்றுக்குப் புழுக்காரர்களின் பெயர்களே சூட்டப்பட்டன. சில மில்லிமீட்டர் நீளக் குளவி ஒன்றின் லத்தீன் பெயருக்குள், காட்டோரத்து ஊரைச் சேர்ந்த ஒருவருடைய முழுப்பெயர் இருக்கிறது.

ஆனால் பெயர் சூட்டுவது நன்றிக்கடன். வேலையைத் தொடரச் செய்வது வேறு. எழுத்து வரிசை படிக்கும் செலவு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. பூச்சிப்பொறியில் விழுந்ததையெல்லாம் மொத்தமாக அரைத்து, ஒரே ஓட்டத்தில் எல்லாக் குறியீடுகளையும் படிக்கும் முறையும் வந்துவிட்டது. அது பயனுள்ளது, பரந்த காட்டில் என்ன மாறுகிறது என்று விரைவில் சொல்லும். எனினும் அரைத்த கூழில் யார் யாரைத் தின்றார் என்பது இல்லை. ஒரு பையைத் தினமும் திறந்து பார்ப்பதற்கு ஆகும் நேரத்தை எந்தக் கருவியும் குறைக்கவில்லை. ஆய்வு நிதி வேகமானதை நாடும்போது முதலில் நிற்கக்கூடியது அந்தக் கயிற்றில் தொங்கும் பைதான்.

அதற்கு இனி அதிக அவகாசமும் இல்லை. ஜான்செனும் ஹால்வாக்ஸும் 2019இலும் 2021இலும் எழுதிய கட்டுரைகளில், தங்கள் காட்டில் பூச்சிகள் கண்கூடாகக் குறைந்துவிட்டன என்று பதிவு செய்தார்கள். 1980களில் அமாவாசை இரவுகளில் விளக்கின் முன் கட்டிய வெள்ளைத் துணி அந்துப்பூச்சிகளால் மூடப்பட்டிருந்தது. அதே இடத்தில் அதே வகையில் கட்டிய துணி இன்று பெரும்பாலும் வெறுமையாக நிற்கிறது. அது பூச்சிமருந்து தெளித்த வயல் அன்று. பல பத்தாண்டுகளாகப் பாதுகாத்து மீட்ட காடு. வெப்பம் கூடுகிறது, உலர்பருவம் நீள்கிறது, மழை வரும் நாள் தவறுகிறது. மழையை நம்பித் தளிர்க்கும் இலை, தளிரை நம்பிப் பொரியும் புழு, புழுவை நம்பி வரும் குளவி என்ற வரிசையில் ஒன்று பிந்தினால் மற்றவை காத்திருப்பதில்லை.

இந்தக் குறைவை அவர்களால் உறுதியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணமும் அதே பதிவுகள்தான். எந்தச் செடியில் எந்த மாதத்தில் எத்தனை புழு கிடைத்தது என்று நாற்பதாண்டுகளாக எழுதி வைத்தவர்களுக்கே, இப்போது கிடைக்கவில்லை என்று சொல்லும் தகுதி இருக்கிறது. குறியீட்டுத் தரவுத்தளம் இருப்பதைச் சொல்லும். வழக்கமாக இருக்க வேண்டியது இன்று ஏன் இல்லை என்று கேட்க, அந்தச் செடியின் அடியில் முன்பும் நின்று பார்த்த ஒருவர் வேண்டும்.

ஆகவே பட்டைக்குறியீடு வேண்டுமா, பழைய வகைப்பாடு வேண்டுமா என்ற விவாதம் முக்கியமானதைத் தொடாமல் போகிறது. குறியீடு இல்லாமல் அந்த மின்னல் பட்டாம்பூச்சி இன்னும் ஒன்றாகவே இழுப்பறையில் இருந்திருக்கும். பைகள் இல்லாமல் அதன் பத்துக் குழுக்களும் பொருளறியாத பத்து எழுத்துக் கோவைகளாக இருந்திருக்கும். பல்லுயிர் ஆய்வுக்குத் திட்டம் எழுதும் எவரும், கருவிக்கு ஒதுக்கும் தொகைக்குப் பக்கத்தில், களத்தில் ஆண்டுக்கணக்காக ஒரே செடிகளைப் பார்த்துக் குறித்து வைக்கும் மனிதர்களின் சம்பளத்துக்கு என்ன ஒதுக்கினோம் என்று பார்க்கலாம். அந்த வரி வெறுமையாக இருந்தால், சிற்றினங்களை எண்ணத்தான் முடியும்.